கடல் வத்துற நேரத்தப் பாத்திட்டுப் போங்க: பாஸ்க் கரையில வார இறுதி நடை

பாரிசில சொந்தக்காரர் ஒராளாவது இல்லாத குடும்பம் எங்கட மட்டக்களப்புக் கல்லடியில குறைவு. விசா கிடைச்சுப் போனா லா சப்பல் கடைத்தெரு, ஈபிள் டவர், லூர்து மாதா கோயில், மறுகா ஆற்றயாவது சாமத்தியவீடு, அதோட லீவு முடிஞ்சிரும். நானும் அம்மாவும் அண்ணாட்டப் போய் நிண்ட நேரம் மச்சாள் தான் சொன்னா, நீங்க கடற்கரையில வளந்த ஆக்கள், மாடி வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடந்தா வருத்தம் வந்திரும், பாஸ்க் பக்கம் ஒருக்கா போய் நடந்திட்டு வாங்க எண்டு. ஒருக்கா எண்டு போனது மூணு வார இறுதி ஆகிட்டு. ஊருக்கு வந்த நாள் தொடக்கம் எப்பிடிப் போறது, எங்க நிக்கிறது, வயசான ஆக்களக் கூட்டிப்போக ஏலுமா எண்டு ஒவ்வொருத்தரா கேக்கிறாங்க, அதால எனக்குத் தெரிஞ்சத எல்லாம் ஒரேயடியா இதில எழுதிவிடுறன்.

பாஸ்க் நாடு எண்டு சொன்னாலும் அது தனி நாடு இல்ல. 7 மாகாணம், அதில 4 ஸ்பெயினுக்குள்ள, 3 பிரான்சுக்குள்ள. அங்கத்தய ஆக்கள்ட பாசை எயுஸ்கரா, பிரெஞ்சோடயும் சேராது ஸ்பானிஷோடயும் சேராது, உலகத்தில வேற எந்தப் பாசையும் அதுக்குச் சொந்தமெண்டு இதுவரைக்கும் நிறுவப்படாத பாசை. அதால ஒவ்வொரு ஊருக்கும் ரெண்டு பேர். சான் செபஸ்தியான் தான் தொனொஸ்தியா, பில்பாவோ தான் பில்போ, பயோன் தான் பயோனா. எங்கட ஊரில மட்டக்களப்பையும் மடகலப்புவையும் ஒரே போர்ட்டில வாசிச்சுப் பழகின ஆக்களுக்கு இது புதுசில்ல, ஆனா கோச்சி நிக்கிற ஸ்டேசனில ஒரு பேர், போனில இன்னொரு பேர் கிடந்தா பதட்டப்பட்டு இறங்காம விட்டிருவீங்க, ரெண்டு பேரையும் முதலே ஒரு துண்டில எழுதி வச்சிருங்க. கடைக்குள்ள போகக்குள்ள "கைஷோ" எண்டு வணக்கமும் வெளிய வரக்குள்ள "எஸ்கெரிக் அஸ்கோ" எண்டு நன்றியும் சொன்னாக் காணும், அவங்கட முகம் மலர்றதப் பாக்கணும். சின்ன பாசைய வச்சிருக்கிற சனத்துக்கு அது எவ்வளவு பெரிய விசயமெண்டு எங்களுக்குத் தெரியாதா.

விசா விசயம் முதல். பிரான்ஸ் தந்த ஷெங்கன் விசாவோட ஸ்பெயின் பக்கமும் போகலாம், 180 நாளில 90 நாள் கணக்கு ரெண்டு பக்கத்துக்கும் சேத்துத் தான். எல்லையில கேட் ஒண்டும் இல்ல, ஆனா ஸ்பெயின் பக்கத்தில இருந்து பிரான்சுக்குள்ள திரும்பி வரக்குள்ள பொலிஸ் கோச்சியில ஏறிப் பாக்கிறது உண்டு, எங்கட நிறத்துக்கு கட்டாயம் பாப்பாங்க, அதால பாஸ்போட்ட ரூமில வச்சிட்டுப் போகாதீங்க. கூட வாற சொந்தக்காரருக்கு அகதி வழக்கு இன்னும் முடியாம வெறும் விண்ணப்பத் துண்டு தான் கையில இரிக்கெண்டா அவங்கள எல்லையத் தாண்டக் கூட்டிப்போகாதீங்க. பிரெஞ்சுப் பக்கத்திலேயே ரெண்டு நாள் நடக்கக்கூடிய அழகான கரை கிடக்கு, ஆசைக்காக ஒராள்ட வழக்கப் பழுதாக்கக்கூடா.

பாரிஸ் மொன்பர்னாஸ் ஸ்டேசனில இருந்து டிஜிவி எண்ட வேகக் கோச்சி நேரா ஹெந்தாய் வரைக்கும் போகும், 5 மணித்தியாலத்துக்குக் கிட்ட. போர்டோ, பயோன், பியாரிட்ஸ், சென் ஜான் து லூஸ் எல்லாம் வழியில வரும், கடைசி ஸ்டேசன் தான் ஹெந்தாய், பிரெஞ்சுக்காரர் "ஆந்தாய்" எண்டு தான் சொல்லுவாங்க. டிக்கட்ட முந்தியே எடுத்தா சரியான மலிவு, வெள்ளிக்கிழமை பின்னேரம் கடைசி நேரத்தில எடுத்தா அதே இருக்கைக்கு மூணு மடங்கும் கேக்கும். லூர்துக்குப் போற பிளான் இரிக்கெண்டா அதோட சேத்துப் போடுங்க, லூர்தில இருந்து பயோன் கோச்சியில 2 மணித்தியாலம் அளவில தான், மாதாவக் கும்பிட்டிட்டு அடுத்த நாள் கடற்கரை.

நிக்கிறதுக்கு ஹெந்தாய் தான் என்ட தேர்வு. சான் செபஸ்தியான் வடிவு எண்டாலும் ரூம் விலை கூட, கோடையில ஒண்டும் கிடைக்காது. ஹெந்தாய் பெரிய ஸ்டேசனுக்குப் பக்கத்திலேயே எயுஸ்கோத்ரென் எண்ட சின்னக் கோச்சிட ஸ்டேசன் இரிக்கு, அதுக்கு அங்க "டோப்போ" எண்டு செல்லப் பேர், நிலத்துக்குக் கீழ துளைச்சுப் போற ஒரு எலி மாதிரிப் பிராணிட பேர் அது, வழியெல்லாம் சுரங்கம் எண்டதால வச்சிருக்காங்க. அதில ஏறினா 40 நிமிசத்துக்குள்ள சான் செபஸ்தியான். குசினியோட ரூம் எடுங்க. லா சப்பலில அரிசி, தூள், பருப்பு வாங்கிக் கொண்டு போனா ராவைக்குச் சோறு கறி, அம்மாக்கு அது இல்லாட்டி அடுத்த நாள் நடக்க ஏலா.

இனித் தான் உண்மையாச் சொல்ல வந்த விசயம். எங்கட கடலுக்கு ஏத்தம் வத்தம் எண்டு பெருசா ஒண்டும் இல்ல. கல்லடியில காலையில விரிச்ச பாய பின்னேரமும் அதே இடத்தில விரிக்கலாம், தண்ணி ஒரு மீற்றர் கூட ஏறி இறங்காது. அதால கடல் நிக்கிற இடத்தில நிக்கும் எண்டு எங்கட மனசுக்குள்ள பதிஞ்சு கிடக்கு. பாஸ்க் கரையில அப்பிடி இல்ல. அங்க பெரிய நாட்களில 4 மீற்றருக்கு மேல ஏறி இறங்கும், ரெண்டாள் உசரத்துக்கும் கூட. 6 மணித்தியாலம் ஏறும், 6 மணித்தியாலம் வத்தும், ஒரு நாளைக்கு ரெண்டு தரம், அதுவும் ஒவ்வொரு நாளும் 50 நிமிசம் அளவில பிந்திக்கொண்டு போகும். மத்தியானம் 200 மீற்றர் அகலமாக் கிடந்த மணல் ராவைக்கு இல்லாமப் போயிரும்.

முதல் நாள் ஹெந்தாய் கடற்கரைக்குப் போனம். 3 கிலோமீற்றர் நீளம், நல்ல தட்டை மணல், ஒரு கரையில ரெண்டு பெரிய பாறை கடலுக்குள்ள நிக்கும், ரெட்டைப் பாறை எண்டு தான் பேர். காலமை ஒம்பது மணிக்குப் போகக்குள்ள தண்ணி கிட்டத்தில, நாங்க அங்கால கிறுகி நடந்திட்டு பதினொரு மணி போல திரும்பி வரக்குள்ள தண்ணி எங்கயோ தூரத்தில, ஈர மண்ணில சிப்பியும் பாசியும் பளபளத்துக்கொண்டு கிடக்கு. அம்மா அப்பிடியே நிண்டிட்டா. என்ட கை மணிக்கட்ட இறுக்கிப் புடிச்சவ, விரல் அடையாளம் பதியிற மாதிரி, "மகள் கடல் உள்ள போயிட்டு, வா மேல ஏறு, வா" எண்டு இழுக்கிறா. 2004 மார்கழி 26 நாவலடியில ஆரக் குடுத்தவ எண்டு எனக்குத் தெரியும், அதால நான் ஒண்டும் விளக்கம் சொல்லல்ல, அவவோட சேந்து மேல றோட்டுக்கு ஏறி, சுவரில இருத்தி, தண்ணி குடுத்து, மறுகா தான் சொன்னன், இது இஞ்ச ஒவ்வொரு நாளும் நடக்கிறது, பாருங்க சின்னப் பிள்ளையள் வாளியோட ஓடுதுகள் எண்டு. அரை மணித்தியாலம் பாத்துக்கொண்டே இருந்தா. உங்கட வீட்டிலயும் அந்த நாளப் பாத்த ஆக்கள் இரிந்தா கூட்டிப்போறதுக்கு முதல் இதச் சொல்லி வையுங்க, கடல் உள்ள போகும், அது வழமை, திரும்பி மெதுவாத் தான் வரும் எண்டு. நான் சொல்லாமக் கூட்டிப்போனது பிழை.

நேரத்த எப்பிடிப் பாக்கிறது? ஊர்ப் பேரையும் பிரெஞ்சில "மரே", ஸ்பானிஷில "மரேயா" எண்டும் போனில அடிச்சா அண்டைய அட்டவணை வரும். ரெண்டு ஏத்தம், ரெண்டு வத்தம், ஒவ்வொண்டுக்கும் நேரமும் மீற்றரும் போட்டிருக்கும். ஏத்தத்துக்கு ஸ்பானிஷில "பிளேயாமார்", வத்தத்துக்கு "பஹாமார்", எயுஸ்கராவில "இட்சாஸ்கோரா", "இட்சாஸ்பேஹெரா". பிரெஞ்சு அட்டவணையில இன்னொரு இலக்கம் 20க்கும் 120க்கும் இடையில வரும், 90க்கு மேல எண்டா அண்டைக்குக் கடல் நல்லா வத்தி நல்லா ஏறும், 50க்குக் கீழ எண்டா அமைதியான நாள். ஆனா ஒண்டக் கவனியுங்க, சில ஸ்பானிஷ் அட்டவணை அந்த ஊர் மணிக்கூட்டுக்கு இல்ல, யூடிசி எண்ட உலகப் பொது நேரத்துக்குப் போட்டிருப்பாங்க. கோடையில அதோட 2 மணித்தியாலம் கூட்டணும், மாரியில 1. ஒரு மூலையில சின்ன எழுத்தில தான் அது கிடக்கும்.

அதப் பாக்காம விட்டதால எங்களுக்கு நடந்தத சொல்லுறன். சுமாயா எண்ட ஊரில இட்சூருன் எண்டு ஒரு கடற்கரை, உலகத்தில கல்லுப் படிக்கிற ஆக்கள் தேடி வாற இடம். கடலுக்கடியில மண்ணும் சுண்ணாம்பும் மாறி மாறிப் படிஞ்சு கல்லாகி, மறுகா பூமி நெருக்கி நிமித்தி விட்டதால, அடுக்கி வச்ச ஓலைச்சுவடி செங்குத்தா நிக்கிற மாதிரி மலையே தகடு தகடா நிக்கும். பிளிஷ் எண்டு பேர். 6 கோடி வருசத்துக்கு மேல நடந்தது முழுக்க அந்தக் கரையில வரிசையாக் கிடக்கு. அதுக்குள்ள 6 கோடி 60 லட்சம் வருசத்துக்கு முந்தி டைனோசர் அழிஞ்ச காலத்துக் கறுத்தப் படையும் ஒரு விரல் கனத்தில ஓடுது. கடல் வத்தினாத் தான் அந்தத் தகடுகள் தண்ணிக்குள்ள நீளத்துக்கு ஓடுறது தெரியும். நாங்க பாத்த அட்டவணையில ஏத்தம் 4:12 எண்டு கிடந்தது. சரி, காலமை வத்தம் தப்பிட்டு, பின்னேரம் 5 மணிக்குப் போனா தண்ணி இறங்கத் தொடங்கியிருக்கும், இருந்து பாப்பம் எண்டு ஆறுதலா ஊருக்குள்ள சாப்பிட்டம். நாங்க சாப்பிட்டுக்கொண்டிருந்த அந்த 12 மணிக்குத் தான் கடல் அடிமட்டத்துக்கு வத்திக் கிடந்திருக்கு. 5 மணிக்கு இறங்கி, மலைக்குக் கீழ மிஞ்சிக் கிடந்த ஒடுங்கின மணலில கொஞ்சத் தூரம் போய் ஒரு கல்லில இருந்தம். கொஞ்ச நேரத்தில அம்மா சொன்னா, "மகள், இது வத்துற கடல் இல்ல. வத்துற கடல் ஈரத்த விட்டிட்டுப் போகும். இது காஞ்ச மண்ணையெல்லோ நனைக்குது." குனிஞ்சு பாத்தா உண்மை. ஒவ்வொரு அலையும் முந்தின அலை விட்ட ஈரக்கோட்டத் தாண்டி வெள்ளை மண்ணுக்குள்ள ஒரு சாண் ஏறுது. எங்கட முதுகுக்குப் பின்னால கல்லுச் சுவரில நெஞ்சு உசரத்துக்குப் பாசி. செருப்பக் கையில எடுத்துக்கொண்டு ஏறி வாற பாதைக்கு வந்து சேரக்குள்ள முழங்கால் வரைக்கும் நனைஞ்சிட்டு. உண்மையான ஏத்தம் 6:12க்கு.

அந்த ஈரக்கோடு தான் உங்களுக்கு நான் சொல்லக்கூடிய மிகப் பெரிய உதவி. போன் சாகலாம், அட்டவணை பிழைக்கலாம், மண் பிழைக்காது. எந்தக் கரைக்கு இறங்கினாலும் முதல் அஞ்சு நிமிசம் நிண்டு பாருங்க. கடைசி அலைக்கும் காஞ்ச மண்ணுக்கும் இடையில அகலமா ஈரம் கிடந்தா வத்துது. அலை நேரா காஞ்ச மண்ணத் தொட்டா ஏறுது. மலைக்குக் கீழ ஒடுங்கின மணல் எண்டா, ஏறுற கடலில அங்கால போகவே போகாதீங்க, பின்னுக்கு வழி இரிக்காது.

மறுகா இன்னொண்டு, இத எங்கட வீட்டுக் கலண்டர வச்சே செய்யலாம். பறுவமும் அமாவாசையும் வந்து ஒண்டு ரெண்டு நாளில தான் கடல் ஆகலும் கூட ஏறி வத்தும், மாசியில இருந்து பங்குனி பக்கமும் புரட்டாதிப் பக்கமும் எல்லாத்திலயும் பெரிசு. அந்தக் கரையில, கோடை நேரத்துக்கு, அந்த நாட்களில வத்தம் மத்தியானம் 12 மணியச் சுத்தித் தான் வரும், ஏத்தம் விடியவும் பின்னேரம் 5, 6 மணிக்கும். ஒரு கிழமை கழிச்சு அரைச் சந்திரனுக்கு அப்பிடியே மாறி, மத்தியானம் தண்ணி ஏறிக் கிடக்கும், ஆனா ஏத்தமும் வத்தமும் சின்னதா இருக்கும். அப்ப கல்லுப் பாக்கப் போற வார இறுதியப் போயா நாளுக்குக் கிட்டப் போடுங்க, மலை மேல நடக்கிறத அரைச் சந்திரக் கிழமைக்கு வையுங்க. டிக்கட் எடுக்கிறதுக்கு முதல் கலண்டரப் பாருங்க எண்டு நான் சொல்லுறது இதுக்குத் தான்.

இனி எங்க எங்க நடக்கிறது எண்டு சொல்லுறன், லேசான இடத்தில இருந்து.

ஹெந்தாய் கரை முழுக்க நடந்து, ரெட்டைப் பாறைப் பக்கம் அபாடியா எண்ட மேட்டு நிலத்துக்கு ஏறினா புல்லும் ஆடும் மாளிகையும், கீழ கடல், ரெண்டு மணித்தியாலத்தில சுத்தி வரலாம். பின்னேரம் சின்ன போட்டில ஆத்தக் கடந்து ஸ்பெயின் பக்கத்து ஒந்தாரிபியாவுக்குப் போங்க, பத்து நிமிசம் கூட இல்ல, பழைய கோட்டைச் சுவர், மீன்காரர் தெருவில பச்சை நீலம் சிவப்பெண்டு பெயின்ட் அடிச்ச மரப் பல்கனி. எங்கட ஆக்கள் முகத்துவாரத்துக்கு அங்கால இஞ்சால போற மாதிரி அவங்க நாட்டுக்கு நாடு போய் வாறாங்க. சில்லறை வச்சிருங்க.

சான் செபஸ்தியானில லா கொன்சா கரை, சிப்பி மாதிரி வளைஞ்சு கிடக்கும், பேரே சிப்பி தான். கடல் வத்தினா அதில இருந்து அடுத்த ஒண்டரெட்டா கரைக்கு மணலாலேயே நடக்கலாம், ஏறிக் கிடந்தா மேல நடைபாதையால போங்க. அந்தக் கரை முடியிற இடத்தில தான் எதுவார்தோ சியிடா எண்ட சிற்பி செய்த "காத்துச் சீப்பு", மூணு பெரிய இரும்புக் கொக்கி பாறையில பூட்டியிருக்கும். அத ஏத்த நேரத்தில பாக்கணும். நிலத்தில ஓட்டை விட்டிருக்காங்க, அலை கீழ வந்து மோதக்குள்ள ஓட்டைக்குள்ளால காத்தும் தண்ணியும் உறுமிக்கொண்டு மேல வரும், நிண்ட பிள்ளையள் கத்தித் துள்ளுறதும் சேந்து வரும். அப்ப பறுவத்துக்குக் கிட்டப் போனா ஒரே நாளில மத்தியானம் மணல் நடை, பின்னேரம் காத்துச் சீப்பு. புயல் நாளில மட்டும் அங்க போகாதீங்க, பாதைய மூடியிருந்தா மூடினது தான்.

இதே ஊரில இருந்து கிழக்க உலியா மலையால பசாயாவுக்கு நடக்கிறது தான் எனக்கு எல்லாத்திலயும் புடிச்சது. 7, 8 கிலோமீற்றர், மூணு மணித்தியாலம் வையுங்க. முதல் ஒள்ளுப்பம் ஏத்தம், மறுகா மரத்துக்குள்ளால, ஒரு பக்கம் முழுக்கக் கடல் கீழ தெரியும். மஞ்சள் அம்புக்குறியும் சிப்பிப் படமும் வழியெல்லாம் கிடக்கும், ஏனெண்டா இது சந்தியாகோவுக்குப் போற பாதயாத்திரைப் பாதை, இருன் எண்ட ஊரில தொடங்கி 800 கிலோமீற்றருக்கு மேல. நாங்க அவங்களுக்கு எதிர்ப் பக்கமா நடந்ததால நிறைய ஆக்கள் எதிர்ப்பட்டாங்க, பையில சிப்பி தொங்குது, கையில தடி, கால் விரலில பிளாஸ்டர். அம்மா உகந்தையில காட்டுப்பாதை திறந்தா கதிர்காமத்துக்கு நடந்து போறவ, ரெண்டு தரம் போயிருக்கா. அவ ஒரு வயசான மனுசியப் பாத்து, எந்தக் கோயிலுக்குப் போறாவாம் எண்டு கேட்டா. எங்கட கத்தோலிக்க ஆக்கள் யாகப்பர் எண்டுறவர்ட கோயிலுக்கு எண்டன். அம்மா கையெடுத்துக் கும்பிட்டா, அந்த மனுசியும் நெஞ்சில கை வச்சுக் குனிஞ்சா. ஆராலயும் ஒரு சொல்லும் கதைக்கல்ல.

பசாயாவில மலை ரெண்டாப் பிளந்து நடுவில கடல் உள்ள வாற மாதிரி ஒடுங்கின வாய், பெரிய கப்பலும் அதுக்குள்ளால தான் போகும். அக்கரைக்குப் போகச் சின்ன மோட்டர் போட், ஒரு சில நிமிசம். இக்கரையில 16ம் நூற்றாண்டில கனடாப் பக்கம் திமிங்கிலம் புடிக்கப் போய் 1565ல தாண்ட சான் ஹுவான் எண்ட கப்பல பழைய முறையிலேயே திரும்பக் கட்டின தளம் இரிக்கு, மரம் இழைக்கிற மணம், தார் மணம், வள்ளம் கட்டுறதப் பாத்து வளந்த ஆக்கள் உள்ள போனா லேசில வெளிய வரமாட்டாங்க. அக்கரை ஒரே ஒரு தெரு, வீட்டுக்குக் கீழாலேயே தெரு போகும், எழுத்தாளர் விக்டர் ஹியூகோ 1843ல தங்கின வீடும் அதில தான்.

சராவுட்ஸில இருந்து கெட்டாரியாவுக்கு 4 கிலோமீற்றர், கடலோட ஒட்டின றோட்டுக்குப் பக்கத்து நடைபாதை, முழுக்கத் தட்டை, வயசான ஆக்களுக்கும் வண்டில்ப் பிள்ளைக்கும் இது தான். கெட்டாரியா சின்ன ஊர், ஆனா உலகத்த முதல் சுத்தி முடிச்ச ஹுவான் செபஸ்தியான் எல்கானோ அந்த ஊர் ஆள். 1522ல தன்னையும் சேத்து 18 பேராத் திரும்பி வந்தவர். உடுப்பு டிசைன் செய்த பலென்சியாகாவும் அங்க பிறந்தவர், அவருக்கு ஒரு மியூசியம் இரிக்கு. கெட்டாரியாவுக்குக் கோச்சி இல்ல, பஸ் தான். கால் இன்னும் நல்லா இரிந்தா அங்க இருந்து திராட்சைத் தோட்டத்துக்குள்ளால சுமாயாவுக்கு இன்னொரு 6 கிலோமீற்றர், அங்க கோச்சி இரிக்கு.

பிரெஞ்சுப் பக்கம் பிடார் தொடக்கம் ஹெந்தாய் வரைக்கும் 25 கிலோமீற்றர் கரையோரப் பாதை. அத ரெண்டாப் பிரிச்சு, நடுவில சென் ஜான் து லூஸில நிண்டு செய்யலாம். அந்த ஊர முந்தி கடல் வீடு வீடாத் திண்டு கொண்டு போய், கடைசியில வளைகுடா வாயில மூணு கல்லணை கட்டினாப் பிறகு தான் தப்பினது, இண்டைக்கு அதுக்குள்ள தண்ணி எங்கட வாவி மாதிரி, குளிக்கப் பயமில்ல. அங்கால மலை விளிம்பு இடிஞ்சு விழுற மண், பாதைய உள்ளுக்குத் திருப்பி விட்டிருந்தா அதால தான் போகணும், கயித்தத் தாண்டி விளிம்பில நிண்டு போட்டோ எடுக்கக்கூடா. பியாரிட்ஸ் ஒரு மத்தியானத்துக்குக் காணும், கோத் தே பாஸ்க் எண்ட கரை ஏத்தத்தில முழுசா மறைஞ்சிரும் எண்டத மட்டும் ஞாபகம் வையுங்க.

கசத்தேலுகாச்சே, 241 படி ஏறிப் போற பாறைக் கோயில், பில்பாவோப் பக்கம். கோடையில முந்தியே ஒன்லைனில டிக்கட் எடுக்கணும். சனம் கூட, நான் ரெண்டாம் தரம் போகமாட்டன். லெகெய்டியோ அத விட நல்லம், ஊருக்கு முன்னால ஒரு தீவு, வத்தத்தில கல்லுப் பாதையால நடந்து போகலாம். வத்தம் முடியிறதுக்கு முதலே திரும்பிருங்க.

சாப்பாடு. பாரில மேசை முழுக்க பிஞ்சோ எண்டு சின்னச் சின்னப் பாண் துண்டில எல்லாம் வச்சிருப்பாங்க. காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று ஆக்களும் மாட்டிறைச்சி பண்டி சாப்பிடாத எங்கட ஆக்களும் கேட்டுத் தான் எடுக்கணும், மீன் எண்டு நினைக்கிறதுக்குள்ளயும் ஒரு துண்டு பண்டி கிடக்கும். ஸ்பானிஷில ஹமோன், பிரெஞ்சில ஜம்போன், எயுஸ்கராவில உர்தையாஸ்பிகோ, இந்த மூணு சொல்லையும் போனில போட்டு வையுங்க. வைனும் கறிக்குள்ள ஊத்துவாங்க, அதையும் கேளுங்க. கெட்டாரியாவில தெருவிலேயே கரி அடுப்புப் போட்டு முழு மீனச் சுடுறாங்க, உப்பும் எண்ணெயும் மட்டும், அம்மா முள்ளையும் விடல்ல. நெத்தலி மாதிரி அன்சோவா மீன் அவங்கட பெருமை. மர்மிதாகோ எண்டு சூரை மீனும் உருளைக்கிழங்கும் போட்ட ஒரு கறி, வள்ளத்தில மீன்காரர் சமைச்சது, தேங்காய்ப்பாலும் கொச்சிக்காயும் இல்ல எண்டது தான் குறை. மத்தியானச் சாப்பாடு ஒரு மணிக்குப் பிறகு, ராவைக்கு 8 மணிக்கு முதல் குசினி திறக்காது. ஸ்பெயின் பக்கம் ஞாயித்துக்கிழமை சுப்பர்மார்க்கட் பூட்டு, சனிக்கிழமையே பழமும் பாணும் வாங்கி வையுங்க.

மழை எப்பவும் வரும். "சிரிமிரி" எண்டு அவங்க சொல்லுற தூத்தல், பாக்க ஒண்டுமில்லாத மாதிரி, ஒரு மணித்தியாலத்தில உள்ளுடுப்பு வரைக்கும் ஊறிரும். குடை காத்தில நிக்காது, தொப்பி வச்ச மழைக் கோட் கொண்டு போங்க. அதவிட கலேர்னா எண்ட காத்துக்குப் பயப்படணும், நல்ல வெயில், புழுக்கம், தெக்குக் காத்து, திடீரெண்டு வடமேக்கில இருந்து திரும்பி அடிக்கும், வெக்கை ஒரேயடியாக் குறைஞ்சு கடல் கொதிக்கும். 1912 ஆவணியில அது பெர்மேயோப் பக்கத்து மீன்காரர் நூறு பேருக்கு மேலக் கொண்டு போயிருக்கு, 1978 சூறாவளியப் பாத்த எங்கட ஊருக்கு இதுக்கு மேல விளக்கம் தேவையில்ல. வெப்பமான நாளில வானம் மேக்கால கறுத்தா மலை விளிம்ப விட்டு ஊருக்குள்ள வாங்க. குளிக்கிறதெண்டா கொடியப் பாத்து, சிவப்பெண்டா கால் கூட நனைக்காதீங்க. ஆபத்துக்கு ரெண்டு நாட்டுக்கும் 112 தான்.

சப்பாத்து அடிப்பக்கம் பல் இருக்கணும், செருப்பு சரிவராது, மழைக்குப் பிறகு அந்தக் களி மண் வழுக்கும். போறதுக்கு ஒரு மாசத்துக்கு முதல் இஞ்சயே கால ஒள்ளுப்பம் பழக்குங்க. கல்லடியில இருந்து நாவலடி முகத்துவாரம் வரைக்கும் மணலால நடக்கிறது மூச்சுக்கு நல்லம், ஆனா ஏத்தம் இல்ல, அதுக்கு குடும்பிமலை, அம்பாறைப் பக்கத்து ஆக்களுக்கு உகந்தை மலை.

இதெல்லாம் பழகினாத் தான் சுமாயாவில இருந்து டேபாவுக்கு நடக்கலாம். 14 கிலோமீற்றர் அளவில, 5 மணித்தியாலம், ஏறி இறங்கி ஏறி இறங்கி முழங்கால் கேட்டிரும், வழியில கடை இல்ல, தண்ணி ரெண்டு போத்தல் கட்டாயம். ஆனா சகொனெட்டா எண்ட இடத்தில மேல நிண்டு கீழ பாத்தா, வத்தின கடலுக்குள்ள அந்தக் கல்லு வரிகள் உழுத வயல் மாதிரி நீளத்துக்கு ஓடும். கடைசி வார இறுதி நானும் அண்ணாவும் தான் அத நடந்தம், அட்டவணைய மூணு தரம் பாத்து, 2 மணித்தியாலம் கூட்டி. அம்மாவ சுமாயாவில கோச்சி ஏத்தி விட்டம், டேபா ஸ்டேசனுக்குப் பக்கத்திலேயே கடற்கரை, வாங்கில் இரிக்கு, நாங்க வரும் வரைக்கும் இருங்க எண்டு. நாலு மணிக்கு நாங்க இறங்கி வரக்குள்ள அவ வாங்கிலில இல்ல. மணலில நிண்டு ஈரக்கோட்டுக்கு ஒரு சுள்ளிய நட்டு வச்சுப் பாத்துக்கொண்டிருக்கா. "ஏறுது மகள், நீங்க வந்த நேரம் சரி" எண்டா.